சிற்றூர் பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றை எழுதும் முறை

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் ஒரு பாப்டிஸ்ட் சபை (தாமே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கு மட்டும் மூழ்கு ஞானஸ்நானம் கொடுக்கும் புராட்டஸ்டண்டு சபை) தன் ஐம்பதாவது அல்லது எழுபத்தைந்தாவது ஆண்டை நெருங்கும்போது, விழாக் குழு கூடி மலர் வெளியிடுவதென்று தீர்மானிக்கிறது. அந்த மலரில் "சபை வரலாறு" என்ற பகுதியை எழுதும் பொறுப்பு, பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தலையிலோ, தமிழ் நன்றாக எழுதுவார் என்று பெயர் வாங்கிய ஓர் இளைஞரின் தலையிலோ வந்து விழுகிறது. அவர் கையில் இருப்பவை போதகர்களின் பெயர்ப் பட்டியலும், சுவரில் பதித்த அஸ்திபாரக் கல்லும், பெரியவர்கள் சொல்லும் நாலைந்து கதைகளும்தான். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால் எந்தச் சபைக்கும் பொருந்துகிற ஒரு கட்டுரை கிடைத்துவிடும்: இன்ன ஆண்டில் இன்னார் வந்தார், கர்த்தர் ஆசீர்வதித்தார், ஆலயம் எழும்பியது, பிறகு இன்னார் வந்தார். அப்படியொன்றை எழுத விரும்பாதவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள்.

வேலையைத் தொடங்குமுன் பாப்டிஸ்ட் ஒழுங்கின் இயல்பு ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சபைகளுக்குப் பேராயர் கிடையாது. போதகரை மாற்றி அனுப்பும் திருமண்டல அலுவலகமும் கிடையாது. போதகரை அழைப்பது, உதவிக்காரர்களை (டீக்கன்களை) தெரிந்தெடுப்பது, அங்கத்தினரைச் சேர்ப்பது, நீக்குவது, நிலம் வாங்குவது ஆகிய எல்லாவற்றையும் அங்கத்தினர் கூடிய சபைக்கூட்டமே முடிவு செய்ய வேண்டும் என்பது கொள்கை. நடைமுறையில் மிஷனோ, சபையை நிறுவிய போதகரின் குடும்பமோ கடிவாளத்தைக் கையில் வைத்திருந்த சபைகளும் உண்டு. அப்படியிருந்தால் அதுவும் எழுத வேண்டிய வரலாறுதான். எப்படியாயினும், போதகர்களை வரிசைப்படுத்தி எழுதும் வரலாறு இத்தகைய சபைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. முடிவெடுத்தவர்கள் அங்கத்தினர் என்றால், அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்பதே முதுகெலும்பாக இருக்க வேண்டும். சான்றுகளைத் தேடும் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது.

பின்னணியை அளவோடு எழுதுதல்

இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷனெரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்தில் வந்திறங்கியதிலிருந்து தொடங்காத பாப்டிஸ்ட் மலரைக் காண்பது அரிது. அவர் கல்கத்தாவை அடுத்த செராம்பூரில் பணியாற்றியதும், 1800ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே முதலில் மனம் மாறிய கிருஷ்ண பால் ஹூக்ளி ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றதும் அறிய வேண்டிய செய்திகள்தாம். ஆனால் செராம்பூருக்கும் மதுரைப் பக்கத்து வாடிப்பட்டிக்கும் இடையே நேர்கோடு போட முயல்வது வீண் உழைப்பு. கேரிக்கு ஒரு பத்தி போதும். மிச்ச இடத்தை இந்த மண்ணின் திருச்சபைச் சூழலுக்குக் கொடுப்பது நல்லது, ஏனென்றால் சபையின் போக்கைத் தீர்மானித்தது அதுவே.

மதுரைச் சீமையில் புராட்டஸ்டண்டு பணியின் பெரும்பகுதி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தது. திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை, பெரியகுளம், மானாமதுரை என்று அதன் நிலையங்கள் பரவின. அந்த மிஷனை அனுப்பிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம் காங்கிரிகேஷனல் மரபைச் சேர்ந்தது. சபை தன்னைத் தானே ஆள வேண்டும் என்பதில் அது பாப்டிஸ்டுகளுக்கு நெருக்கமானது, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் அவர்களுக்கு எதிரானது. இந்த வேறுபாட்டின் கூர்மையை அறிய ஒரு செய்தி போதும்: அதே போர்டு 1812இல் அனுப்பிவைத்த அதோனிராம் ஜட்சன், கப்பலில் வேதத்தை ஆராய்ந்துகொண்டே வந்து, கல்கத்தாவில் இறங்கியபின் மூழ்கு ஞானஸ்நானம் பெற்றுப் பாப்டிஸ்டாகிவிட்டார், 1814இல் அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் தங்களுக்கென்று மிஷன் அமைப்பை ஏற்படுத்தியதற்கு அதுவே தூண்டுதல்.

அமெரிக்கப் பாப்டிஸ்டுகள் சென்னை மாகாணத்தில் 1836 முதல் தெலுங்கு மக்களிடையே உழைத்தார்கள். நெல்லூரும் ஓங்கோலும் அவர்களுடைய களங்கள். தாது வருஷப் பஞ்சத்தை அடுத்து, 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். இங்கிலாந்தின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் தமிழ்ப் பகுதியில் சேலம் மாவட்டத்திலும் கொல்லிமலையிலும் ஊன்றியது. மருத்துவர் பால் பிராண்டின் தந்தையான ஜெஸ்ஸி பிராண்டு 1929இல் இறந்தது அந்த மலையில்தான். மிஷன்கள் ஒருவர் எல்லையில் மற்றவர் நுழைவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்ட காலம் அது. மதுரை அமெரிக்க மதுரை மிஷனின் எல்லையாக இருந்தது. அந்த மிஷனின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய திருச்சபையிலும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்திய திருச்சபையிலும் (சி.எஸ்.ஐ.) இணைந்தன. பாப்டிஸ்டுகள் அந்த இணைப்புக்கு வெளியே நின்றார்கள்.

இதிலிருந்து எழுதுபவருக்குக் கிடைக்கும் பயன் இது: உங்கள் சபைக்கு ஒரு வெள்ளைக்கார நிறுவனரைத் தேடி அலைவதற்குமுன், முதல் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். ரயில்வேயிலும் மதுரையின் நூற்பாலைகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை கிடைத்துத் திருநெல்வேலி, கன்னியாகுமரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்களா, உள்ளூர் சி.எஸ்.ஐ. சபையிலிருந்து ஞானஸ்நானக் கேள்வியில் பிரிந்து வந்தவர்களா, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களா என்பது தெரிந்தால், பின்னால் நடந்த பல காரியங்கள் தாமாகவே விளங்கும்.

தொடங்கிய ஆண்டு எது?

விழாக் குழுவில் சண்டை மூளுமிடம் இதுதான். ஒரு சபைக்குக் குறைந்தது ஐந்து தொடக்கங்கள் இருக்கும்: யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த முதல் ஜெபக்கூட்டம், முதல் ஞானஸ்நானம், அங்கத்தினர் கூடித் தங்களைச் சபையாக ஏற்படுத்திக்கொண்ட நாள், சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்த நாள், ஆலயப் பிரதிஷ்டை. கல்லில் பொறித்திருப்பது பெரும்பாலும் கடைசித் தேதியாகவோ அஸ்திபாரம் போட்ட தேதியாகவோ இருக்கும். ஜெபக்கூட்டம் நடத்திய வீட்டாரின் பேரப்பிள்ளைகள் முதல் தேதியைச் சொல்வார்கள். நிலம் கொடுத்த குடும்பம் மூன்றாவதையோ நான்காவதையோ சொல்லும்.

பாப்டிஸ்ட் கொள்கைப்படி பார்த்தால், விசுவாசிகள் உடன்படிக்கை செய்து சபையாக ஒருமித்த நாளே பிறந்த நாள்; கட்டடமும் பதிவும் அதற்குப் பிந்தியவை. அந்த நாளுக்குச் சான்று, முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டவர்களின் பட்டியல். அது கிடைக்காவிட்டால் முதல் ஞானஸ்நானத்தையும் முதல் திருவிருந்தையும் வைத்து முடிவு செய்யலாம். எதைத் தேர்ந்தாலும் ஐந்து தேதிகளையும், ஒவ்வொன்றுக்கும் உள்ள சான்றையும் வரலாற்றில் எழுதிவிடுங்கள். விழா எந்த ஆண்டில் கொண்டாடப்பட வேண்டும் என்பதைச் சபைக்கூட்டம் தீர்மானித்துக்கொள்ளட்டும். வரலாறு எழுதுபவர் அந்த வழக்கில் நீதிபதி அல்லர்.

சபையின் பீரோவில் இருப்பவை

முதலில் கேட்க வேண்டியது நடவடிக்கைக் குறிப்பேடு, சபையார் வாயில் மினிட்ஸ் நோட்டு. அதைச் செயலரிடம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆலய வராந்தாவில், காலை பத்து மணிக்குள், வெயில் நேரே விழாத இடத்தில் மேசை போட்டு, அலைபேசியை அசையாமல் பிடித்து, பிளாஷ் இல்லாமல் அட்டை முதல் அட்டை வரை ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். வெற்றுப் பக்கங்களையும் விடவேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டின் பெயரும் பக்க எண்ணும் வரும்படி பெயரிட்டு, மூன்று இடங்களில் சேமியுங்கள். இராமபாணப் பூச்சி துளைத்த தாள்களை ஒட்டுநாடா போட்டு ஒட்டுவதும், லேமினேஷன் செய்வதும் அவற்றைக் காப்பாற்றுவதாகத் தோன்றினாலும், சில ஆண்டுகளில் பசையும் சூடும் எழுத்தைத் தின்றுவிடும். தூசியை மென்மையான தூரிகையால் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

குறிப்பேட்டைப் படிக்கும்போது தீர்மானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். யார் முன்மொழிந்தார், யார் ஆமோதித்தார், எத்தனை பேர் வந்திருந்தார்கள், எந்தப் பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது என்பவற்றில்தான் சபையின் உயிர் இருக்கிறது. "இது குறித்து நீண்ட நேரம் பேசப்பட்டது" என்று செயலர் எழுதியிருந்தால் அன்று சண்டை நடந்திருக்கிறது என்று பொருள். பெண்கள் கூட்டத்தில் இருந்தார்களா, வாக்களித்தார்களா, எந்த ஆண்டில் முதல் பெண்ணின் பெயர் முன்மொழிந்தவராக வருகிறது என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மலர்களில் பெண்கள் ஐக்கியத்தின் குழுப்படத்தோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது.

அடுத்தது அங்கத்தினர் பதிவேடு. இங்கே சி.எஸ்.ஐ. அல்லது கத்தோலிக்கப் பதிவேடுகளைப் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவார்கள். குழந்தை ஞானஸ்நானம் உள்ள சபைகளில் ஞானஸ்நானப் பதிவேடே பிறப்புப் பதிவேடு போல உதவும். பிறந்த நாள், பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் அதில் இருக்கும். பாப்டிஸ்ட் சபையில் ஒருவர் தாமே விசுவாசத்தை அறிக்கையிட்டபின் ஞானஸ்நானம் பெறுவதால், பதினாறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே நாளில் அடுத்தடுத்த வரிகளில் இருப்பார்கள். பிறந்த தேதி இல்லாமலே போகலாம். ஆகவே அந்தத் தேதியைப் பிறப்புக்கு நெருங்கியதாக எண்ணிக் குடும்ப வரிசை போட்டுவிடக் கூடாது. குழந்தைகளைக் கர்த்தருக்கு அர்ப்பணித்த ஆராதனைகள் குறிக்கப்பட்டிருந்தால் அவை உதவும்.

அந்தப் பதிவேட்டில் ஒருவர் எப்படிச் சேர்க்கப்பட்டார் என்ற பகுதி பொன்னானது. ஞானஸ்நானத்தினால், வேறு பாப்டிஸ்ட் சபையின் மாற்றுக் கடிதத்தினால், தம் விசுவாசத்தைச் சொன்ன சாட்சியின் பேரில் என்று வகைப்படுத்தி எழுதியிருப்பார்கள். ஆண்டுவாரியாக இவற்றைப் பிரித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடிதத்தினால் வந்தவர்கள் மிகுந்த ஆண்டில் ஊரில் புதிதாக ஏதோ ஓர் ஆலையோ அலுவலகமோ பள்ளியோ வந்திருக்கும். ஏற்கெனவே குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற சி.எஸ்.ஐ. குடும்பத்தார் மறுபடி மூழ்கு ஞானஸ்நானம் பெற்ற வரிகள் வந்தால், அந்த வீடுகளில் சம்பந்திகளோடு ஏற்பட்ட மனக்கசப்பையும் விசாரியுங்கள், "எங்கப்பா கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?" என்ற கேள்வி எத்தனையோ திருமணப் பேச்சுகளை நிறுத்தியிருக்கிறது. பெயர் நீக்கப்பட்ட வகைகளும் அதே அளவு முக்கியம்: மரணம், இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை.

திருமணப் பதிவேடு சட்டம் சார்ந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, உரிமம் பெற்ற போதகர் நடத்திய திருமணங்களின் பதிவில் மணமக்களின் வயது, தொழில், இருப்பிடம், தந்தையர் பெயர், சாட்சிகள் ஆகியவை இருக்கும்; அதன் பிரதி அரசுப் பதிவாளருக்குப் போயிருக்கும். சபைப் போதகருக்கு உரிமம் கிடைக்காத காலத்தில் திருமணங்கள் வேறு சபையிலோ திருமணப் பதிவாளர் முன்போ நடந்திருக்கலாம் என்பதால், உங்கள் பதிவேட்டில் இடைவெளி தெரிந்தால் பக்கத்துச் சபைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு நோட்டுகளை யாரும் மதிப்பதில்லை. அவற்றைப் போல நேர்மையான சாட்சி வேறில்லை. மின்கட்டணம் முதன்முதலில் எந்த மாதத்தில் வருகிறதோ அதற்குச் சற்று முன்பு விளக்கு வந்திருக்கிறது. அதற்கு முந்திய பக்கங்களில் பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் மண்ணெண்ணெயும் இருக்கும். ஆர்மோனியம் பழுதுபார்த்த செலவு நின்று கீபோர்டு வாங்கிய செலவு வரும் ஆண்டில் பாடல் முறையே மாறியிருக்கும். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துப் பெண்கள் கொண்டுவந்த பிடியரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் போன பூசணிக்காயும் சேவலும், மழை பொய்த்த ஆண்டில் சுருங்கிய ஞாயிறு காணிக்கை என்று எல்லாம் அதில் தேதியோடு இருக்கின்றன. போதகருடைய படி எத்தனை மாதம் பாக்கி நின்றது என்பதையும் அது சொல்லும்; இதை மலரில் எழுதலாமா என்று கேட்பார்கள், எழுத வேண்டும் என்பேன்.

நிலமும் பத்திரமும்

ஆலய மனையின் மூலப் பத்திரத்தைத் தேடிப் படித்தாக வேண்டும். அது முதலில் தனியொருவர் பெயரில் வாங்கப்பட்டுப் பிறகு சபைக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கலாம். சபையில் பிரதி இல்லையென்றால், புல எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு மனுச் செய்து, அதில் வரும் ஆவண எண்ணைக் கொண்டு நகல் வாங்கலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குக் கையால் தேடும்படி தனியே கேட்க வேண்டும். மாவட்டப் பிரிவினைகளையும் மறக்கக் கூடாது. இராமநாதபுரம் 1910இலும், திண்டுக்கல் 1985இலும், தேனி 1996இலும் தனி மாவட்டங்களாயின. ஆகவே பழைய கடிதங்களில் "மதுரை ஜில்லா" என்றிருக்கும் ஊரின் இன்றைய ஆவணங்கள் வேறு மாவட்ட அலுவலகத்தில் இருக்கக்கூடும்.

பத்திரத்தில் நான்கு மால், அதாவது மனையின் நான்கு எல்லைகள், எழுதும் முறை இளையவர்களைக் குழப்பும். "முத்தையா தோட்டத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு" என்று இருந்தால், தோட்டம் மனைக்கு மேற்கிலும் பாதை வடக்கிலும் இருக்கின்றன. திருப்பிப் படித்தால் ஆலயம் ஊரின் மறுபக்கத்துக்குப் போய்விடும். அந்த மால் வரிகளிலிருந்தே அக்கம்பக்கத்தார் யார், மனை ஊருக்குள் இருந்ததா, கண்மாய்க் கரையோரமா, எந்தத் தெருவின் எல்லையில் என்பதெல்லாம் தெரிய வரும். யார் சபையாருக்கு நிலம் விற்க முன்வந்தார் என்பது எழுதத் தக்க செய்தி. வருவாய்த்துறை ஆவணங்களில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு, இருக்கும். அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் வேதாகமத்தில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) எழுதியிருந்தால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் நம்பக் கூடாது: தாது வருஷம் 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது.

சபை சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அதன் விதிகளும் நிர்வாகிகள் பட்டியலும் இருக்கும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துக்கு முந்தியதென்றால் 1860ஆம் ஆண்டின் சட்டப்படி பதிவாகியிருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம்?" என்று கேட்டால் வயதானவர்கள் உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். ஆண்டைக் கேட்காமல் அதன் சுற்றத்தைக் கேட்பதே வழி. தொட்டி கட்டுவதற்குமுன் ஞானஸ்நானம் கண்மாயிலோ, வைகையிலோ, யாராவது ஒரு விசுவாசியின் தோட்டத்துக் கிணற்றிலோ நடந்திருக்கும். நம் பக்கத்தில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் என்பதால், இடம் தெரிந்தாலே பருவம் தெரிந்துவிடும். இந்த வகையில் கேள்வி கேட்டால் பேச்சு இப்படிப் போகும்:

"அம்மாச்சி, நீங்க ஞானஸ்நானம் எடுத்தப்ப கண்மாயில தண்ணி எம்புட்டு கெடந்துச்சு?"

"நெஞ்சு மட்டும் கெடந்துச்சுய்யா. தனுஷ்கோடி அழிஞ்சு ஒரு மாசங்கூட ஆகல, அம்புட்டுப் பேருக்கும் தண்ணியப் பாத்தாலே பயம். மூத்தவன் கைப்பிள்ளை, கரையில எங்க நாத்தனா வச்சுக்கிட்டு நின்னா."

தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில். ஆகவே இவர் சொல்வது 1964 டிசம்பர் கடைசி அல்லது 1965 ஜனவரி. மூத்த மகனின் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். பதிவேட்டில் வேறு தேதி இருந்தால் இரண்டையும் எழுதி, எது ஏன் நம்பத்தக்கது என்று ஒரு வரி சேருங்கள். 1959இல் வைகை அணை திறந்தது, 1984இல் இந்திரா காந்தி இறந்தது போன்ற நிகழ்ச்சிகளும் இதே போலக் கைகொடுக்கும்.

பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பது, பத்துக் கேள்விகளைவிட நல்ல பலன் தரும். முடிந்தால் இரண்டு பேரை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுக்கும்போது உண்மை வெளிவரும். ஒலிப்பதிவு செய்வதற்குமுன் அனுமதி கேளுங்கள். போதகர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பேட்டி எடுக்காதீர்கள், அப்போது எல்லாரும் ஆராதனையில் போல விசுவாசச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

பெயர், சாதி, பிரிவினை

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பது இந்த வேலையின் பெரிய சிக்கல். பதிவேட்டில் யோவான் என்றிருப்பவர் பத்திரத்தில் கருப்பையாவாக இருப்பார். பழக்கம் ஒரு காரணம், சட்டம் இன்னொன்று. 1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை முதலில் இந்துக்களுக்கும், பிறகு சேர்க்கப்பட்ட சீக்கியருக்கும் பௌத்தருக்கும் மட்டுமே உரியது. கிறிஸ்தவராக அறிவித்துக்கொண்டால் அந்த உரிமை போய்விடும். அதனால் அரசுத் தாள்களில் ஒரு பெயரையும் சபையில் இன்னொரு பெயரையும் வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். இரண்டு பெயர்களையும் இணைக்கும் அட்டவணையை உங்கள் வேலைக்காக வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் உயிரோடிருப்பவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோரின் இரட்டைப் பெயரை ஒருபோதும் அச்சில் ஏற்றாதீர்கள். ஒரு மலரின் ஒரு வரி ஒருவருடைய சாதிச் சான்றிதழையும் வேலையையும் பறித்துவிடக்கூடும்.

சாதியை அடியோடு விட்டுவிட்டு எழுதும் வழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. சபை எந்தத் தெருவில் அமைந்தது, அசனத்தில் (சபை விருந்தில்) எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்களா, கல்லறைத் தோட்டம் பொதுவா, அங்கத்தினரிடையே கலப்பு மணங்கள் நடந்தனவா என்று கேட்டு, கிடைத்த விடையைக் குடும்பங்களைச் சுட்டாமல் எழுதலாம். அமெரிக்க மதுரை மிஷனே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாதியை விட்டதற்கு அடையாளமாக ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் சொல்லி, அதனால் ஆட்களை இழந்தது. சபைகளுக்கு இது பழைய கேள்வி.

பிரிவினை நடந்த சபையென்றால், அதை "சில சோதனைகளின் ஊடாகவும் கர்த்தர் நடத்தினார்" என்று தாண்டிப் போய்விடத் தோன்றும். அப்படிச் செய்தால் அங்கத்தினர் எண்ணிக்கை திடீரென்று பாதியானதற்கு வாசகருக்கு விளக்கம் கிடைக்காது. பிரிந்து போனவர்களையும் போய்ப் பாருங்கள். பிரிவினையின்போது செயலர் எந்தப் பக்கம் போனாரோ அந்தப் பக்கம் பழைய குறிப்பேடும் போயிருக்கும் என்பதால், உங்கள் பீரோவில் இல்லாத முதல் நோட்டு அவர்களுடைய பீரோவில் இருக்க வாய்ப்புண்டு. விழா அழைப்பிதழோடு போனால் கதவு திறக்கும்; வழக்குப் பேசப் போகிறவரைப் போல நுழைந்தால் சாத்திக்கொள்ளும். காரணத்தை எழுதும்போது இரு தரப்பின் தீர்மானங்களிலும் உள்ள சொற்களையே எடுத்துக் காட்டி, தேதியைக் கொடுத்து, உங்கள் தீர்ப்பைக் கொடுக்காமல் விடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகளில் குடும்ப விவகாரங்கள் வரும்; ஆண்டுக்கு எத்தனை பேர், எந்த வகைக் குற்றத்துக்காகத் திருவிருந்துப் பந்தியிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வதே முறை.

வெளியே தேட வேண்டிய இடங்கள்

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் நூலகம், அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் பூர் நினைவு நூலகம் ஆகிய இரண்டும் இந்தப் பகுதியின் திருச்சபைச் சூழலை அறிய முதலில் போக வேண்டியவை. ஊரின் பழைய நிலைக்கு 1906இல் வெளியான மதுரை மாவட்டக் கெசட்டியர் உதவும். அரசு ஆணைகளுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகலாம். வெளிநாட்டு மிஷனோடு உங்கள் சபைக்குத் தொடர்பு இருந்தது உறுதியானால் மட்டும் அந்த மிஷனின் காப்பகத்துக்கு எழுதுங்கள். பிரிட்டிஷ் பாப்டிஸ்ட் ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் ஆங்கஸ் நூலகத்தில் இருக்கின்றன. மிஷனெரிகளின் அறிக்கைகள் நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை என்பதை நினைவில் வைத்து, அவற்றின் எண்ணிக்கைகளை உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதி அச்சிடும்போது

கைப்பிரதி முடிந்தவுடன் அச்சகத்துக்கு அனுப்பாமல், அதன் நகலை ஆலயத்தில் நான்கு வாரம் வைத்து, ஓரத்தில் திருத்தம் எழுதச் சொல்லுங்கள். பெயர்ப் பிழைகளும் விடுபட்ட குடும்பங்களும் அப்போதே வெளிவரும். கோபங்களும் அப்போதே வெளிவந்து தீரும். படங்களுக்குக் கீழே இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். தெரியாத முகத்துக்குப் "பெயர் தெரியவில்லை" என்று எழுதுவதில் குறைவில்லை, மலரைப் பார்த்துவிட்டு யாராவது வந்து சொல்வார்கள். வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் விழாக் குழு கேட்கும் பக்கங்களைக் கொடுத்துவிட்டு, அங்கத்தினர் பட்டியலுக்கு மட்டும் இடம் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மக்கள் தேடி வருவது அதைத்தான்.

அச்சான மலரில் ஒரு பிரதியை அரசரடி நூலகத்துக்கும், இன்னொன்றை மதுரை நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் கொடுங்கள். 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சட்டம் குறிப்பிடும் மற்ற நூலகங்களுக்கும் வெளியீட்டாளர் பிரதி அனுப்ப வேண்டும். விழா மலர்தானே என்று பலர் அனுப்புவதில்லை. ஒலிப்பதிவுகளையும் பக்கப் படங்களையும் ஒரு வன்தட்டில் ஏற்றி, எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்ற பட்டியலை அச்சடித்து அதனுடன் சேர்த்து, சபைச் செயலரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். அந்த ஒப்படைப்பை அடுத்த சபைக்கூட்டத்தின் குறிப்பேட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.